அடிக்கு நின்றவர்கள்

அன்றைக்குக் காலையில் பெரியாஸ்பத்திரி மைதானத்தில் ஓர் ஆளின் மணிக்கட்டைச் சவரக்கத்தியால் கிழித்துவிட்டார்கள். கிழித்தவனுக்கு அவன்மேல் பகை ஒன்றும் கிடையாது. அவன் எந்த ஊர் என்றுகூடத் தெரியாது. கையில் மாட்டியிருந்த மஞ்சள் பட்டையை அறுத்தெடுக்கத்தான் கத்தி. பட்டை இழுபட்டதே தவிர அறுபடவில்லை. கத்தி வழுக்கி நரம்பில் இறங்கிவிட்டது. ஏட்டு தவமணி ஓடிப்போய்ச் சேர்வதற்குள், கிழித்தவனின் மண்டையை நாலு பெண்கள் தூக்குவாளியாலேயே பிளந்திருந்தார்கள். இரண்டு பேரையும் ஒரே ஸ்ட்ரெச்சரில் போட்டு உள்ளே அனுப்பினாள். வேறு ஸ்ட்ரெச்சர் இல்லை.

“நேத்து ஒருத்தன் கையக் கடிச்சே வச்சிட்டாய்ங்க ஏட்டம்மா,” என்றான் கான்ஸ்டபிள் சுருளிவேல். “பட்டை போனாலும் பரவாயில்ல, விரல் போயிருச்சு.”

“கத சொல்லிக்கிட்டு நிக்காத. அந்தக் கத்தியத் தேடி எடு.”

தவமணிக்கு ஆஸ்பத்திரி புறக்காவல் நிலையத்தின் பொறுப்பு. வாய் பேசுவதற்கு முன்னால் கை பேசிவிடும் ரகம். நாற்பது வயதுக்குள் அவள் கலைக்காத கூட்டம் இல்லை: கோயில் திருவிழா, சாலை மறியல், எழவு வீடு. கூட்டத்தைப் பார்த்தால் எந்த மூலையில் தட்டினால் எந்தப் பக்கம் ஓடும் என்று அவளுக்குக் கண்ணாலேயே தெரியும். அந்தத் திறமைக்காகத்தான் இங்கே போட்டிருந்தார்கள்.

கல்மூச்சுக் காய்ச்சல் வந்து இரண்டு வருடமாகிறது. வந்தவர்களுக்கு நுரையீரல் நாளுக்கு நாள் காய்ந்த களிமண்ணைப் போல இறுகிக்கொண்டே போகும். மருந்து இல்லை. மூச்சுப்பெட்டி என்று ஒன்று இருக்கிறது. அதற்குள் படுக்க வைத்தால் அதுவே மூச்சு விட்டுக் கொடுத்து, மூன்று வாரத்தில் நுரையீரலை இளக்கிவிடும். மாவட்டம் முழுமைக்கும் பதினாலு பெட்டி. வாசலில் காத்திருப்பவர்கள் எப்போதும் நானூறுக்குக் குறைவில்லை. ஆரம்பத்தில் யாருக்காகப் பெரிய இடத்திலிருந்து போன் வந்ததோ அவர்களுக்குப் பெட்டி கிடைத்தது. ஜனங்கள் கல்லை எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணாடி மிச்சமில்லை என்றான பிறகு, அரசாங்கம் ஒரு கணினியைக் கொண்டுவந்து வைத்தது. யாருக்குப் பிழைக்கும் வாய்ப்பு அதிகமோ அவருக்குப் பெட்டி. சாதி, பணம், பதவி எதுவும் அதன் கண்ணுக்குத் தெரியாது. வந்த முதல் வாரமே ஒரு பெரிய மனிதரின் மச்சானை அது வேண்டாம் என்று தள்ளிவிட்டது. ஜனங்களுக்குத் தலைகால் புரியவில்லை. மைதானத்தில் அது பார்ப்பதற்காக நட்டிருந்த கேமரா கம்பத்துக்கு மாலை போட்டுத் தேங்காய் உடைத்தார்கள். அதற்கு வைத்த அரசாங்கப் பெயர் யார் வாயிலும் நுழையாததால் கணக்கப்பிள்ளை என்றே கூப்பிட்டார்கள்.

கணக்கப்பிள்ளைக்கு மைதானம் முழுக்கக் கண்கள். நோயாளியோடு வருகிற சொந்தக்காரர்களுக்கு வாசலில் ஆளுக்கொரு பட்டை மாட்டிவிடுவார்கள். எந்தப் பட்டை எந்த நோயாளிக்கு என்று அதற்குத் தெரியும். ஆரம்பத்தில் அது வெறும் நுழைவுச் சீட்டாகத்தான் இருந்தது. யாரும் சொல்லிக் கொடுக்காமலே கணக்கப்பிள்ளை அதிலிருந்து ஒன்றைக் கற்றுக்கொண்டது. ஆள் அதிகம் வந்தவர்கள் பிழைக்கிறார்கள்.

பெட்டி வார்டு டாக்டர் இம்தியாஸ் ஒருநாள் டீக்கடையில் வைத்து தவமணிக்கு இதை விளக்கினார்.

“பெட்டி பாதி வேலதான் பாக்கும் ஏட்டம்மா. வெளிய வந்தப்புறம் மூணு மாசம் பக்கத்துல ஆள் வேணும். பொழுதுக்கும் புரட்டிப் போடணும், முதுகுல தட்டிச் சளி எடுக்கணும், கஞ்சி ஊத்தணும். எங்ககிட்ட வார்டுக்கு ஒரு நர்ஸ். அதனால சொந்தம் இருக்கவங்க பொழைக்கறாங்க. இல்லாதவங்க ஒரு மாசத்துல திரும்பி வந்து செத்துப்போறாங்க. மிஷின் அதப் பாத்துருச்சு.”

“அப்ப நர்ஸு போடச் சொல்ல வேண்டியதுதான சார் அந்த மிஷினு.”

“நர்ஸ் வேணுமான்னு யாரும் அதுகிட்டக் கேக்கலையே. பெட்டிய யாருக்குக் குடுக்கறதுன்னு மட்டும்தான கேட்டோம்.”

கேட்ட கேள்விக்கு அது ஒழுங்காகத்தான் பதில் சொன்னது. செங்கல் சூளைக்கு வேலைக்கு வந்த வடக்கத்தி இளைஞன் வாசல் திண்டிலேயே செத்தான். வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்ட ஒரு பெண், புருசன் ஒருவன் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஒரு மாதம் பெயர் வரும் பலகையைப் பார்த்துக்கொண்டே கிடந்து செத்தாள். தனியாக வாழ்ந்த ஒரு டீச்சரம்மாவுக்குப் பழைய மாணவர்கள் வருவார்கள் என்று காத்திருந்தார்கள். வந்தார்கள், எரிக்கும்போது. நம் ஆட்களுக்குச் சொல்லித்தரவா வேண்டும். கட்சிக் கூட்டத்துக்கு ஆள் பிடிக்கிறவர்கள் ஆஸ்பத்திரிக்கும் ஆள் பிடித்துக் கொடுத்தார்கள். லாரி லாரியாக வந்து இறங்கி, யாரென்றே தெரியாத நோயாளிக்காக மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். மத்தியானம் சோற்றுப் பொட்டலத்தைத் தின்றுவிட்டு நழுவுகிறவனைக் கணக்கப்பிள்ளை இரண்டே வாரத்தில் அடையாளம் கண்டு கழித்துவிட்டது. நிஜமான சொந்தம் உள்ளவனுக்கு மட்டும்தான் இனி வழி. நம் பக்கம் ஆள் சேர்க்க முடியாதென்றால் அடுத்தவன் பக்கம் ஆளைக் குறைக்கலாம் என்று அப்போதுதான் யாருக்கோ தோன்றியது. கத்தி வந்தது அதற்குப் பிறகுதான்.

இதையெல்லாம் தவமணி கம்பைச் சுழற்றிக்கொண்டு வெளியிலிருந்து பார்த்தாள். போன வாரம் அவள் தம்பி ஜெயக்கொடிக்குக் காய்ச்சல் வந்தது.

அவளுக்கு இருப்பது அவன் ஒருவன்தான். அப்பா அம்மா போன பிறகு, பள்ளிக்கூடம் போகிற வயதிலிருந்து அவள் தூக்கி வளர்த்த பிள்ளை. முப்பத்தோரு வயது. பால் வண்டி ஓட்டுகிறான். இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அவளும் செய்துகொள்ளவில்லை. சொந்தம் என்று தாய்மாமன் வீடு ஒன்று இருந்தது. மாமன் மகன் பெண்டாட்டியை அடித்துக் குடலைக் கலக்கிவிட்டான் என்று புகார் வந்தபோது, மற்ற போலீசைப் போல ராசியாகப் போகச் சொல்லாமல், தவமணியே போய் அவனுக்கு விலங்கு மாட்டினாள். அதோடு அந்தப் பக்கத்துச் சொந்தம் முழுக்க அவள் வீட்டில் கை நனைப்பதை விட்டுவிட்டது.

தம்பியைச் சேர்த்த அன்று டாக்டர் இம்தியாஸ் திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

“உடம்பு நல்லா இருக்கு. வயசு இருக்கு. ஆனா ஆள்துணை சைபர்னு காட்டுது.”

“நான் இருக்கேன்ல சார். பட்டை கட்டியிருக்கேன், பாருங்க.”

“நீங்க தெனமும் இங்கதான் நிக்கறீங்க. உங்க தம்பிக்குக் காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடியும் இங்கதான் நின்னீங்க. அது உங்கள டூட்டி ஆளாத்தான் பாக்குது. தம்பிக்காக வந்த ஆளா எடுத்துக்கல.”

தவமணி மாமாவுக்குப் போன் போட்டாள். எட்டு வருடத்துக்குப் பிறகு.

“மாமா, தவமணி பேசறேன்.”

“எந்தத் தவமணி.”

“ஜெயக்கொடிக்குக் கல்மூச்சு வந்துருச்சு மாமா. வீட்டுலருந்து நாலு பேரு வந்தாப் போதும். பட்டையக் கட்டிக்கிட்டு மரத்தடில உக்காந்துருந்தாப் போதும். சோறு தண்ணி எல்லாம் நான் பாத்துக்கறேன்.”

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

“என் மகன நீ தெருவுல இழுத்துட்டுப் போனப்ப ஊரே நின்னு பாத்துச்சுல்ல. அவய்ங்களக் கூப்புடு.”

போன் அறுந்தது. தவமணி அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வாசலில் வரிசையில் முண்டியடித்த ஒருவனைக் காரணமில்லாமல் அறைந்தாள்.

மணிக்கட்டு கிழிந்த அன்று முற்பகலில் ஒன்பதாம் பெட்டியில் இருந்த பெண் இறந்துபோனாள். பெட்டியைக் கழுவிச் சுத்தம் செய்ததும் மத்தியானம் அடுத்தவருக்குக் கிடைக்கும். மைதானத்தில் பெரிய பலகை இருக்கிறது. பெட்டி காலியானால் அதில் பெயர் வரும். தவமணி நேராக டாக்டரிடம் போனாள்.

“யாருக்கு சார் வரும்?”

“தெரிஞ்சுக்கிட்டு என்ன செய்யப்போறீங்க.”

“சொல்லுங்க சார்.”

டாக்டர் இம்தியாஸ் மூன்று நாளாக வீட்டுக்குப் போகாத மனிதர். எழுபது தாண்டியவர்கள் பெட்டிக்குள் போவதையும் முப்பது வயதுப் பிள்ளைகள் பிணவறைக்குப் போவதையும் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போயிருந்தார். அந்தச் சலிப்பில் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டார்.

“வெள்ளைச்சாமின்னு ஒருத்தர். ஆனைக்கல்பட்டி. எழுபத்தோரு வயசு. ஊரே வந்து வேப்பமரத்தடில உக்காந்துருக்கு பாருங்க, அவருக்குத்தான்.”

“அந்தக் கூட்டம் இல்லேன்னா?”

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார். “இல்லேன்னா உங்க தம்பிதான். ஆள்துணை இல்லேன்னாலும் வயசும் உடம்பும் அவர அடுத்த எடத்துல வச்சிருக்கு.”

தவமணி திரும்பி நடந்தாள். “ஏட்டம்மா, நான் எதுவும் சொல்லல,” என்று அவர் பின்னாலிருந்து சொன்னது அவள் காதில் விழுந்தது. ஏறவில்லை.

ஆனைக்கல்பட்டிக்காரர்கள் மூன்று கல்லைக் கூட்டிச் சோறு பொங்கிக்கொண்டிருந்தார்கள். அறுபது பேருக்கு மேலிருக்கும். அங்காளி பங்காளி, கொண்டவன் கொடுத்தவன், எல்லாக் கையிலும் மஞ்சள் பட்டை. உலைக்குப் பக்கத்தில் வெள்ளைச்சாமியின் மருமகள் சீனியம்மாள் உட்கார்ந்து அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஆடு மேய்த்து, கிடாயைக் கொம்போடு பிடித்து நிறுத்திப் பழகிய முரட்டுத் தேகம்.

“ஆஸ்பத்திரிக்குள்ள யாரு அடுப்பு மூட்டச் சொன்னா?”

“இந்தா முடிஞ்சிருச்சு தாயி. ஒரு கொதி வந்தா எறக்கிருவோம்,” என்றாள் சீனியம்மாள்.

தவமணி பானையை எட்டி உதைத்தாள். கொதிக்கிற கஞ்சி ஒரு பெரியவரின் காலில் கொட்டியது. அவர் அலறிக்கொண்டு எழுந்தார், அவருடைய மகன் பாய்ந்து வந்து சுருளிவேலைத் தள்ளினான். சுருளிவேல் மல்லாந்து விழுந்தான். தவமணிக்கு வேண்டியது அவ்வளவுதான். விசிலை ஊதினாள்.

மேலிடத்து உத்தரவு எதுவும் இல்லை. அவளும் பத்துக் கான்ஸ்டபிள்களும்தான். கூட்டத்தின் வலது மூலையில் வயதானவர்கள் இருந்தார்கள், அங்கேதான் முதலில் இறங்கினாள். கிழடுகள் அலறினால் நடுவில் இருப்பவர்கள் குலைவார்கள் என்பது தொழில் பாடம். கணுக்காலில் ஒன்று, முழங்கையில் ஒன்று, குனிந்தவன் முதுகில் ஒன்று. “கலைஞ்சு போ, கலைஞ்சு போ,” என்று சொல்லிக்கொண்டே அடித்தாள். ஒரு கிழவி ஓட முடியாமல் கையைக் கூப்பினாள். கூப்பிய கையிலேயே அடி விழுந்தது. ஒரு பையனுக்குக் காது கிழிந்து தொங்கியது. ஓடுகிறவர்களின் செருப்புகள் சோற்றில் புதைந்தன. ஒவ்வொரு அடிக்கும் ஒரு பட்டை குறைகிறது என்று அவள் மனம் சொல்லிக்கொண்டே வந்தது. வெட்கமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும், அவளுக்கு அது சந்தோஷமாக இருந்தது. பல நாளாகக் கையைக் கட்டிப் போட்டிருந்த பயம் கம்பின் வழியாக இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

மைதானம் காலியாகிக்கொண்டு வந்தது. ஆனால் வேப்பமரத்தடியில் கொஞ்சம் பேர் மட்டும் நகரவில்லை. சீனியம்மாள், அவள் புருசன், கால் வெந்த பெரியவர், இன்னும் சிலர். ஒருவர் கையை ஒருவர் பின்னிக்கொண்டு மரத்தைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். தவமணி அவர்கள்மேல் விழுந்தாள். புருசன் நெற்றியிலிருந்து ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது, அவன் துடைக்கக்கூடக் கையை விடவில்லை. சீனியம்மாள் கம்பைத் தடுக்க வலது கையைத் தூக்கினாள். எலும்பு முறியும் சத்தம் சுருளிவேலுக்கும் கேட்டது.

“போதும் ஏட்டம்மா. செத்துருவாய்ங்க,” என்று பின்னாலிருந்து அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தான்.

“போக மாட்டீங்களாடி,” என்று தவமணி மூச்சிரைக்கக் கத்தினாள்.

“எங்கிட்டுப் போக. மாமன் உள்ள கெடக்காருல்ல,” என்றாள் சீனியம்மாள். தொங்கிய கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, அந்தக் கையிலிருந்த பட்டையை இடது கையால் தடவிப் பார்த்தாள்.

மரத்தடியில் மிஞ்சியவர்கள் பத்துப் பேர் இருப்பார்கள். அறுபது பத்தானால் போதும் என்று நினைத்தாள் தவமணி. மைதானம் காலியானால் ஜெயித்தோம் என்பது போலீஸ் கணக்கு. பத்தொன்பது வருடமாக அவளுக்குத் தெரிந்த கணக்கு அது ஒன்றுதான்.

மத்தியானம் பலகையில் பெயர் வந்தது. வெள்ளைச்சாமி, ஆனைக்கல்பட்டி.

அவள் வார்டுக்குள் பாய்ந்து போய் டாக்டரின் சட்டையைப் பிடித்தாள். “எல்லாரையும் தொரத்திட்டேன். பிறகு எப்பிடி சார்?”

அவர் அவள் கையை எடுத்துவிடவில்லை. முகம் வெளிறியிருந்தது. “முன்னாடி அவருக்கும் உங்க தம்பிக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். இப்பப் பாருங்க, எங்கயோ போய்ட்டாரு. இத்தன நாளா அதுக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு ஏட்டம்மா. உக்காந்துருக்க கூட்டத்துல மூணு மாசம் கழிச்சும் யாரு இருப்பா, யாரு போயிருவான்னு தெரியல. நீங்க தெரிய வச்சிட்டீங்க. ஓடினவங்க எல்லாரையும் தள்ளிருச்சு. அடி வாங்கியும் போகாத ஆளுக்கு, ஒவ்வொருத்தருக்கும் ஒரு கூட்டத்தோட மதிப்பு குடுத்துருக்கு.”

“அது மிருகமா சார்?”

“இல்ல. அது அடிக்கல. பாத்துச்சு, அவ்வளவுதான்.”

ஜெயக்கொடி வராந்தாவில் வேறொருவரின் கட்டிலுக்கு அடியில் பாயில் படுத்திருந்தான். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்து நரம்பு புடைத்தது. தவமணி குனிந்து ஊர்ந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“வெளிய என்னக்கா சத்தம்?”

“ஒண்ணுமில்ல. டூட்டி.”

அவள் சட்டைக் கையில் தெறித்திருந்த ரத்தத்தை அவன் பார்த்தான். சின்ன வயதிலிருந்தே அவள் பொய் அவனிடம் செல்லாது.

“சோறு பொங்குன வாசன வந்துச்சு. அவய்ங்களையா அடிச்ச?”

அவள் சட்டைக் கையை மேலே மடித்துவிட்டாள்.

“எனக்காக யாரையும் அடிக்காதக்கா,” என்றான். அதைச் சொல்லி முடிக்க அவனுக்கு நாலு மூச்சு தேவைப்பட்டது. பிறகு கண்ணை மூடிக்கொண்டான். தவமணி அவன் முதுகில் தட்டிக்கொடுத்தாள். கட்டாந்தரையில் தட்டுவது மாதிரி இருந்தது. நாளை சாயங்காலம் தாண்டாது என்று நர்ஸ் யாரிடமோ சொல்லிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலையில் நாலாம் பெட்டிக்காரர் குணமாகி வெளியே வருகிறார், பத்து மணிக்குப் பெட்டி காலியாகும் என்ற செய்தி பரவியது. ராத்திரி மூச்சு இன்னும் இறுகியதில் ஜெயக்கொடி வரிசையில் பலருக்குப் பின்னால் போய்விட்டான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தவமணி காவல் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வாசலில் நிழல் தட்டியது. சீனியம்மாள் வலது கையில் மாவுக்கட்டுடன் நின்றாள். பின்னால் நெற்றியில் கட்டுப் போட்ட புருசனும், கால் வெந்த பெரியவரும், மற்றவர்களும். சுருளிவேல் கம்பை எடுத்தான்.

“வை கீழ,” என்றாள் தவமணி. திருப்பி அடிக்க வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தாள். அடிக்கட்டும் என்றும் நினைத்தாள்.

“மாமன் நேத்தே பெட்டிக்குள்ள போய்ட்டாரு தாயி,” என்றாள் சீனியம்மாள். “ஒங்க அடிலதான் போனாருன்னு டாக்டரு சொன்னாரு.”

“அவரு போகக்கூடாதுன்னுதான் அடிச்சேன். என் தம்பி போகணும்னு அடிச்சேன்.”

“அதுவும் தெரியும். டீக்கடைல சொன்னாய்ங்க.” சீனியம்மாள் படியில் உட்கார்ந்தாள். “மனசுல என்னத்த நெனச்சுச் செஞ்சாங்கன்னு யாரு பாக்கப்போறா. வயித்தெரிச்சலோட மொய் எழுதுறவனும் எழுதத்தான செய்றான். வந்த செய்மொற வந்ததுதான். திருப்பிச் செய்யாட்டி நாங்க ஊருக்குள்ள நடமாட முடியாது.”

“என்ன செய்யப்போறீங்க?”

“ஒங்க தம்பிக்கு நாங்க பட்டை கட்டிக்கிறோம்னு கேட்டுப் பாத்தோம். ஒருத்தருக்குக் கட்டுனா அடுத்தவருக்குக் கட்ட முடியாதுன்னுட்டாய்ங்க. அதனால அவருக்கு ஆளா நாங்க வர முடியாது. நீங்கதான் வரணும். எப்பிடி வரணும்னு நேத்து நீங்களே காமிச்சிட்டீங்க. அதத்தான் திருப்பிச் செய்யலாம்னு வந்தோம்.”

சுருளிவேலுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும், “ஏட்டம்மா, ஒங்கள அடி வாங்கி மிஷினு கணக்குல ஏறச் சொல்றாய்ங்க. இது பைத்தியக்காரத்தனம்,” என்றான். தவமணி சீனியம்மாளின் முகத்தைப் பார்த்தாள். அதில் பகை இருந்தது. நன்றியும் இருந்தது. இரண்டையும் ஒரே கையால் தீர்த்துவிட வழி கிடைத்த நிம்மதியும் இருந்தது.

தவமணி உள்ளே போய்ச் சீருடையைக் கழற்றி மடித்து வைத்தாள். சேலையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். அவளைச் சேலையில் பார்த்த மைதானம் முதலில் அடையாளம் தெரியாமல் வழிவிட்டது, பிறகு கசகசவென்று பேசிக்கொண்டது. கேமரா கம்பத்துக்கு நேராகத் தரையில் உட்கார்ந்து, பட்டை தெரியும்படி கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“சுருளி, நீயே ஆரம்பி.”

“நான் மாட்டேன். வேலைய விட்டுப் போனாலும் போவேன்.” சொல்லிவிட்டு அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சீனியம்மாள் கம்பை இடது கையால் எடுத்தாள்.

முதல் அடி தோளில் விழுந்தது. இத்தனை வருடம் அடித்தவளுக்கு அடி என்றால் என்ன என்று அப்போதுதான் தெரிந்தது. இரண்டாவது அதே இடத்தில். இடது கைப் பழக்கம் இல்லாததால் சீனியம்மாளுக்கு இலக்குத் தவறியது, கழுத்தோரம் தோல் பிய்ந்தது. பெரியவர் வாங்கி இரண்டு போட்டார். அவர் அடியில் வலு இல்லை, அழுதுகொண்டே அடித்தார். புருசன் வாங்கினான். அவன் அழவில்லை. விலாவில் இறங்கிய அடியில் தவமணிக்குக் கண் இருட்டி மூத்திரம் போய்விட்டது. அடுத்ததில் அவளை அறியாமலே கால் எழுந்து ஓட ஆரம்பித்தது. இரண்டு எட்டு வைத்தும் விட்டாள். பயத்தில் அவளுக்குத் தம்பி முகம்கூட ஞாபகம் வரவில்லை, தப்பிக்க வேண்டும் என்பது மட்டும்தான் இருந்தது. நேற்று ஓடியவர்கள் பாசம் இல்லாமல் ஓடவில்லை என்று அப்போது தெரிந்தது. தெரிந்து என்ன பயன். தரையில் விழுந்து, நகத்தால் மண்ணைப் பற்றிக்கொண்டு, தவழ்ந்து பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தாள்.

“கம்பத்தக் கட்டிப் பிடிச்சுக்கங்க தாயி. பிடிமானம் இருந்தா நிக்கலாம்,” என்று சீனியம்மாள் காதோரம் குனிந்து சொன்னாள். எங்களுக்கு மரம் இருந்தது என்றாள். சொல்லிவிட்டு மறுபடியும் அடித்தாள்.

எத்தனை விழுந்தது என்று தெரியாது. யாரோ “வந்துருச்சு, வந்துருச்சு,” என்று சொல்வது எங்கோ தூரத்தில் கேட்டது. அடி நின்றது. வீங்கிய இமையை விரலால் தூக்கிப் பார்த்தாள். பலகையில் எழுத்து மங்கலாகத் தெரிந்தது. ஜெயக்கொடி. வராந்தா வழியாக ஒரு ஸ்ட்ரெச்சர் ஓடியது. டாக்டர் இம்தியாஸ் அதோடு கூடவே ஓடினார், மைதானத்துப் பக்கம் அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

சீனியம்மாள் கம்பை அவள் மடியில் வைத்தாள். “நமக்குள்ள சரியாப்போச்சு,” என்றாள். சேலைத் தலைப்பால் அவள் வாயோரத்து ரத்தத்தைத் துடைத்துவிட்டு, தன் ஆட்களோடு வேப்பமரத்தடிக்குப் போனாள். அவர்களுக்கு இன்னும் மூன்று மாத வேலை இருந்தது.

தவமணி கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது, விலா வலியில் இரண்டும் முடியவில்லை. அவன் பிழைத்துவிடுவான் என்று மட்டும் திரும்பத் திரும்ப நினைத்தாள். மைதானம் அமைதியாக இருந்தது. அவள் அங்கே வேலைக்கு வந்த நாளிலிருந்து அவ்வளவு அமைதியைக் கேட்டதில்லை. பட்டையைப் பிடுங்குகிற சண்டை எதுவும் இல்லை. நானூறு குடும்பமும் பலகையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு எங்கோ மரக்கிளை ஒடிக்கும் சத்தம் கேட்டது. இன்னொரு பக்கத்தில் யாரோ இடுப்பு பெல்ட்டைக் கழற்றினார்கள்.

வெள்ளைச் சட்டை போட்ட ஓர் ஆள் தயங்கித் தயங்கி அவள் முன்னால் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி முகம். பின்னால் பதின்மூன்று, பதினாலு வயதில் ஒரு பெண் பிள்ளை கையில் பட்டையோடு நின்றது.

“ஏட்டம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. இவ அம்மா உள்ள இருக்கா. நாங்க ரெண்டே பேருதான் வந்திருக்கோம்.” மகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். “ஒங்க வேல முடிஞ்சிருச்சுன்னா அந்தக் கம்பைக் கொஞ்சம் குடுக்கறீங்களா.”

தவமணி அந்தப் பிள்ளையைப் பார்த்தாள். அது கேமரா கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தாள். எதைக் காட்டி முடியாது என்பது.

கம்பை முந்தானையால் துடைத்து அவரிடம் நீட்டினாள்.

“தலைல மட்டும் படாமப் பாத்துக்கங்க,” என்றாள்.